அப்பாவின் அர்ச்சனையும் மருந்துக்கடை வழக்கும்

சுன்னாகம்.

அன்பு மகள் றஜிதாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் வாயைத் தவிர. நீ அந்தக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும். போனில் கதைத்தால் அவர் ஸ்பீக்கரில் போடுவார், ஒழுங்கை முழுவதும் கேட்கும், அதனால்தான் கடிதம். அப்பா வேலை செய்த தோட்ட மருந்துக்கடையில், தடைசெய்த பூச்சிமருந்துக்குப் புது லேபிள் ஒட்டி வெங்காயத் தோட்டக்காரருக்கு விற்றதை அவர் அதிகாரிகளிடம் சொன்னது உனக்குத் தெரியும். லேபிளை ஒட்டியது என் தம்பி, உன் ஜெயதீபன் மாமா என்பது தெரியாது. அவனும் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறான். முழுவதையும் சொன்னால் மன்னிப்பு, பின்வாங்கினால் அவனும் கடை முதலாளியோடு எதிரிக் கூண்டில் குற்றவாளியாய் நிற்க வேண்டும்.

எங்கள் சட்டத்தரணி தயாளினி உன் வயதுப் பிள்ளை. அவள் அப்பாவிடம், கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கோ, கடையிலிருந்து ஒரு போத்திலும் எடுக்க வேண்டாம், ஜெயதீபனோடை வழக்கைக் கதைக்கவே கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து கட்டின கதை எண்டுவினம் என்றாள். அவனுக்கு வேறு சட்டத்தரணி. அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்றார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் தன்னுடையதும் மாமாவுடையதுமாக இரண்டு பேரின் பெயரும் நட்சத்திரமும் கொடுத்து, சாட்சி நல்லாச் சொல்ல வேணும் என்று அர்ச்சனை செய்வித்தார். ஐயர் அதையெல்லாம் மண்டபம் அதிரச் சொல்லியிருக்கிறார். அன்றைய பூசைக்குக் காசு கொடுத்த உபயகாரர் யார் என்கிறாய்? கடை முதலாளியேதான்! பக்கத்தில் நின்று பயபக்தியோடு திருநீறு வாங்கினாராம். இரகசியம் காப்பதில் உன் அப்பாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். ஏசினால், சாமியிட்டை மறைக்கலாமோ என்று என்னையே கேட்கிறார்.

மறுநாளே முதலாளி மாமாவிடம் ஆள் அனுப்பி, ஞாபகமில்லை எண்டு சொன்னால் போதும், உன்ரை மகளின்ரை படிப்பு என்ரை பொறுப்பு என்று சொல்லிவிட்டாராம். என்ன இரக்கம்! அந்த மருந்தை அடித்துத் தோட்டக்காரர் மயங்கி விழுந்தபோது அது எங்கே போயிருந்ததோ. உதயகலா மாமி வந்து, தன் புருஷனுக்கு வந்த இந்தச் சேதியைக் குசுகுசுத்தாள். எனக்கில்லை, உங்கடை சட்டத்தரணிக்குப் போய்ச் சொல்லுங்கோ என்று அனுப்பிவிட்டேன். மாமா வீட்டை விட்டே வெளிக்கிடவில்லை. அப்பா பின்னேரங்களில் போய் அவனோடு இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாய்க் கட்டினார். வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, கிரிக்கெட்டுக்குத்தான் சண்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சட்டத்தரணியின் சொல்லைக் கேட்டிருக்கிறார். நேற்று மாமா தானாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஆள் வந்ததைத் தன் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டான். சாட்சியைக் கலைக்கப் பார்ப்பது தனிக் குற்றமாம். முதலாளிக்கு இரண்டாவது வழக்கும் வாய்க்கப்போகிறது. ஆனாலும் சாட்சிக் கூண்டில் ஏறும்போது மாமாவுக்கு நா எழுமோ தெரியவில்லை. எனக்கு நித்திரை இல்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. பேஸ்புக்கில் ஒன்றும் எழுதிவிடாதே. மாமாவுக்குக் கட்டாயம் போன் எடு. வழக்கைக் கேட்காமல், சாப்பிட்டாரா என்று மட்டும் கேள். அதை எந்தச் சட்டத்தரணியும் தடுக்கவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா