வெள்ளிக் கதிர் நாடா

கவென்ட்ரி, 15 ஆகஸ்ட் 1860

ஈனாக் அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே, நீ கட்டிக்கொள்ளப்போகும் லவினியாவுக்குக்கூட. இதற்கடுத்து இருப்பது அம்மா சொல்ல நான் எழுதியது. கோட்டுக்குக் கீழே இருப்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் படிக்க வராது என்பதால்தான் இந்தத் துணிச்சல்.

அன்பு மகன் ஈனாக்குக்கு, கர்த்தர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் ஹெஸ்டரும் சுகம், நீயும் லிவர்பூலில் சுகமென்று நம்புகிறேன், துறைமுகத்து ஈரத்தில் நின்றால் மார்புக்குக் கம்பளித்துணி சுற்றிக்கொள், நாடா நெசவாளர் வேலைநிறுத்தம் ஆறாவது வாரம், ஊரில் தறிச்சத்தமே இல்லை, அதற்காக நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. சனிக்கிழமை லவினியாவை அழைத்து வருவதாக எழுதியிருந்தாயே, நம் மூன்று தேவாலயக் கோபுரங்களை அவள் பார்க்க வேண்டும், ரயிலடியிலிருந்து பிராட்கேட் கடைவீதி வழியாகக் கூட்டி வா, புனித மேரி மண்டபத்தில் அந்தப் பழைய திரைச்சீலையைக் காட்டு, நெய்கிறவர்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று பெருமைப்படட்டும். கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். இரவு ரயிலில் தூங்கிவிடாதே. உன் அம்மா, ஹெஸ்டரின் கையால்.

____________

அண்ணா, ஊரில் ஒரு தறி ஓடுகிறது. நம்முடையதுதான். இருட்டிய பிறகு அப்பா மாடி ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சங்கம் குறித்த கூலியில் பாதிக்கு நெய்கிறார். அம்மாவுக்கு ஏழு மாதம், வீட்டில் உருளைக்கிழங்கைத் தவிர வேறில்லை. நேற்று தறியடியில் ஒரு துண்டு நாடா கிடந்தது, நீலத்தில் வெள்ளிக் கோதுமைக் கதிர். அதைச் சடையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். அது புது மாதிரி, வேலைநிறுத்தத்துக்கு முன்பு யாருமே நெய்யாதது என்று எனக்குத் தோன்றவேயில்லை. திரும்பும்போது தண்ணீர்க் குழாயடியில், என்னோடு படிக்கும் கெசியாவின் அம்மா என் சடையைப் பிடித்து, "ஏண்டி, ஊர்ல ஒரு தறியும் ஓடல, உன் தலையில மட்டும் கதிர் வெளஞ்சிருக்கு?" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, "கழுதைக்கு இன்னிக்கே புல்லு போடுங்கடி, சனிக்கிழமைக்கு ஆளு கெடச்சாச்சு" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

இரவுக்குள் விஷயம் சங்கம் வரை போய்விட்டது. பக்கத்து வீட்டு ஏபல்தான் தறிச்சத்தம் கேட்டுக் காட்டிக்கொடுத்தார் என்று அப்பா நினைக்கிறார். "இருவது வருசம் ஒண்ணா குடிச்சவன், அவன் கழுத்த நெரிக்காம விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். காட்டிக்கொடுத்தது என் சடையிலிருந்த நாடா என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் குறைந்த கூலிக்கு நெய்த கார்லிக்கை, கழுதை மேல் வாலைப் பார்க்க உட்காரவைத்துக் கட்டி பிராட்கேட் வழியாக இழுத்துப் போனார்களே, கயிற்றைப் பிடித்தவர் அப்பா. "நல்லா உக்காரு கார்லிக், ஊரச் சுத்திக் காட்டறோம்" என்றாரே. நீ தகரம் தட்டினாய். நானும் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கார்லிக்கின் பக்கத்தில் ஒருவர்கூட நடக்கவில்லை, அவர் மனைவிகூட.

சனிக்கிழமை வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். லவினியா இந்த ஊரில் முதலில் பார்ப்பது கழுதைமேல் கட்டிய அப்பாவாக இருக்கக் கூடாது. இப்போது வேறு தோன்றுகிறது. அவளை விட்டுவிட்டு நீ மட்டும் வா. அப்பாவுக்கு ஒரு பக்கம் நீ நட, மறுபக்கம் நான் நடக்கிறேன், இந்த நாடாவைத் தலையில் கட்டிக்கொண்டே. அதற்கு முன் அப்பாவிடம் நான்

கதவைத் தட்டுகிறார்கள். தறி நின்றுவிட்டது. அப்பா கையில் தடியோடு படியிறங்குகிறார், "ஏபலாத்தான் இருக்கும், வரட்டும்" என்கிறார். அண்ணா, அவரில்லை, நான்தான் என்று