கடல்நீர்த் தொட்டி தெளிந்த செய்தி

அலை ஓயாத கடல் உள்ளளவும் செங்கழி நாட்டுக் கொற்றம் தாழாது நிற்க. வடபுலப் பாசறையில் படை நடத்தும் வேந்தர் பெருமான் திருமேனி நலமுறுக. அவர்தம் இலச்சினையைக் கைக்கொண்டு தலைநகர் காக்கும் முதலமைச்சன் பெருங்கீரன், கருமுனைக் கோட்டைத் தலைவரும் கடற்போரில் மும்முறை வாகை சூடியவருமாகிய இளவெயினனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடியும் வாழ்க.

தொட்டிக் காவற்பெண் கொற்றியைக் கொல்லுமாறு யாம் விடுத்த ஆணையை நிறைவேற்றாது நிறுத்தி, நீர் எமக்கு ஒரு வினா எழுதினீர். ஆறு நாளாக உம் சிறையில் கிடப்பவள், நான்கு நாளைக்கு முன் இறந்த மீன்களுக்கு எவ்வாறு நஞ்சிட்டாள் என்று கேட்டீர். ஆணையைக் கேள்வி கேட்ட தலைவரை இதற்குமுன் யாம் மன்னித்ததில்லை. ஆயினும் நீர் நாட்களைச் சரியாகவே எண்ணியிருக்கிறீர். ஆதலின் உண்மையை உமக்கு மட்டும் உரைக்கிறோம்.

சங்கந்தீவின் மன்னர் நம்மோடு பகை தீர்த்த நாளில் பன்னிரண்டு வரிமீன்களையும், அவற்றைப் பேணக் கொற்றியையும் அனுப்பியது நீர் அறிந்ததே. நிறைமதிதோறும் தீவின் தூதர் வந்து அரண்மனைக் கடல்நீர்த் தொட்டியின் படியில் நின்று, பன்னிரண்டையும் தம் கண்ணால் எண்ணிச் செல்வார். நம் கையால் அவற்றுள் ஒன்று மடிந்தாலும் உடன்படிக்கை முறிந்தது என்பது அன்று இருவரும் ஏற்ற முறை.

தூதர் கண்டு மகிழட்டும் என்று இம்முறை தொட்டியின் அடியில் புதுச் சங்குமணல் பரப்பச் சொன்னவன் யானே. கடல்நீரில் ஏழு முறை அலசிய பின்னரே இடவேண்டும் என்று கொற்றி வேண்டினாள். நாள் இல்லை என்று ஒரு முறையோடு கொட்டுவித்தேன். மறுகணமே தொட்டி அரிசி களைந்த நீர்போல் வெளுத்தது. வெண்தூள் மேலும் கீழும் மிதக்க, மீன் ஒன்றும் கண்ணில் படவில்லை.

நீர் புகும் வாயில் தடித்த பருத்தித் துணி கட்டி, நாள்தோறும் துணியை மாற்றி, கலக்காமல் விட்டால் பத்து நாளில் தூள் அடங்கும் என்றாள். தூதர் வர எட்டு நாளே இருந்தன. ஆற்று வெள்ளம் கலங்கி வரும்போது நம் வீடுகளில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பதில்லையா? அதையே மூட்டை மூட்டையாக அரைத்துக் கொட்டுமாறு பணித்தேன். அவள் படியில் குறுக்கே நின்று மறித்தாள். அவள் அன்று சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஐயா, அது குடிக்கிற தண்ணிக்கு ஆகும். இது அதுங்க மூச்சு விடுற தண்ணி." மீனை மறைத்து உடன்படிக்கையை முறிக்கச் சூழ்ச்சி செய்கிறாள் என்று கூறி அவளை உம்மிடம் அனுப்பினேன்.

மறுநாள் கொட்டினோம். அதற்கடுத்த காலையில் தொட்டி பளிங்குபோல் தெளிந்திருந்தது. திரண்ட தூள் செவுள்களில் அப்பிப் பன்னிரண்டு மீன்களும் அடியில் மல்லாந்து கிடந்தன. எண்ணுவதற்கு எளிதாகவே இருந்தது.

தூதரிடம் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருந்தால் போதும். கேட்க எனக்கு நாணமாயிருந்தது. இதை எழுதும்போது என் கையை நானே வெறுக்கிறேன்.

எனினும் கேளும். நாளை மறுநாள் தூதர் வருகிறார். நம் படை முழுதும் வேந்தரோடு வடக்கே இருக்கிறது. உம் கோட்டையைத் தவிரக் கடற்கரையில் வேலேந்த ஆளில்லை. மீனைக் கொன்றது நாம் என்றால் தீவின் கலங்கள் நம் துறைதோறும் தீயிடும். கொன்றது அவர்கள் அனுப்பிய பெண்ணே, சிறைபுகுமுன் மெல்லக் கொல்லும் நஞ்சை இட்டுச் சென்றாள் என்றால், பழி அவர்கள் பக்கம் நிற்கும், உடன்படிக்கை பிழைக்கும். அவள் உயிரோடு தூதர்முன் நின்றால் உண்மையைச் சொல்வாள். பொய் சொல்லத் தெரிந்தவளாயின் அன்றே என் சொல்லுக்குத் தலையசைத்திருப்பாள். இது அறமன்று என்பதை எனக்கு நீர் எடுத்துரைக்க வேண்டா. வேந்தர் மீண்டதும் அவர்முன் என் தலையை வைப்பேன். அவள் தலை நாளைக் காலைக்குள் வேண்டும்.

அவளுக்கு வலி நீளாதவாறு தேர்ந்த கையைக் கொண்டு முடிப்பீராக. இவ்வோலையைப் படித்த இடத்திலேயே நெருப்பிலிடுவீராக. வேந்தர் பெருமானின் சுறா இலச்சினை இதன்கீழ் இடப்பட்டது. மறுப்பவர் குடி நாட்டில் நில்லாது.

உமது ஓலையின் கடைசி வரிக்கு மறுமொழி எஞ்சி நிற்கிறது. சோறு வைக்கும் காவலனிடம் அவள் நாள்தோறும், தண்ணீர் தெளிந்ததா என்று கேட்பதாக எழுதியிருந்தீர். தெளிந்தது என்று சொல்லச் செய்க. பன்னிரண்டும் நீந்துகின்றன என்றும் சொல்லச் செய்க. இதுவும் அரசாணை.