கரை விழுந்த ஞாயிறு

அன்பு மகள் ரோசிலேனிக்கு,

போன கடிதத்தில் நீ கேட்டிருந்த ஆசீர்வாதத்தை முதல் வரியிலேயே தந்துவிடுகிறேன், கடவுள் உன்னையும் மாப்பிள்ளை ஆர்லிந்தோவையும் காக்கட்டும். நான் நலம். உன் தம்பி ஜோனியலும் மார்லியும் நலம், அவர்கள் குழந்தை இயாரா நலம். உன் அப்பா உயிரோடு இருக்கிறார். அவரைப் பற்றி இதற்கு மேல் ஒரே வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை, அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வழக்கம்போல நீ கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே. டெஃபே நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அங்கே தெற்கே காலையில் புல்மேல் உறைபனி கிடக்கிறது, குழாயில் தண்ணீர் கட்டிப்போகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே தகரக் கூரைமேல் விழுந்த இலை பொரிந்துபோகிறது. ஒரே கொடி, ஒரே பணம், ஒரே பாஷை, ஆனால் நீ வேறு உலகத்தில் இருப்பதுபோலத்தான் எனக்கு இருக்கிறது. எங்கள் ஊரில் தெருவில் சிறுத்தை வருமா என்று ஆர்லிந்தோ கேட்டாராமே, தெருவே கிடையாது என்று சொல். படகு வரும், தண்ணீர் வரும், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை அவருக்கும் நீ வாசித்துக் காட்டுவாய் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன்.

இந்த வருஷம் வெள்ளம் பெரிதாக வந்து நம் வீட்டுத் தரைப்பலகையை நக்கிவிட்டுப் போனது. வடிந்ததும் ஒரேயடியாக வடிந்தது. கரை மண் ஊறிப்போய் இருந்தது, அதைத் தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் கீழே போய்விட்டது, அப்படியானால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஆர்லிந்தோவுக்குச் சொல், இங்கே நிலம் விழும். வயல் விழும், தோப்பு விழும், வீடு விழும். விழுந்த மண்ணை ஆறு கொண்டுபோய்க் கீழே எங்காவது எதிர்க்கரையில் மணல்திட்டாகப் போடும், அங்கே யாராவது தர்ப்பூசணி போடுவார்கள். நம் வீட்டுக்குப் பின்னால், மரவள்ளித் தோட்டத்துக்குப் போகும் வழியில், தரையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்ததை முதலில் பார்த்தது மார்லிதான். ஒரு கோழிக்குஞ்சு அதற்குள் விழுந்து கத்தியது. ஜோனியல் படகு தள்ளும் கழியை அதில் இறக்கிப் பார்த்தான், கழி முழுசும் போனது, அடி தட்டவில்லை. வெடிப்புக்கும் ஆற்றுக்கும் நடுவில் நம் வீடு நிற்கிறது, யோசித்துப் பார்.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. ஜோனியல் வீட்டைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டலாம் என்றான், மரவீடுதானே, பலகை பலகையாகக் கழற்றினால் ஒரு வாரத்தில் முடியும். உன் அப்பா கேட்கவில்லை. மண்ணை வெட்டி வெடிப்பில் கொட்டி, காலால் மிதித்து, "முடிஞ்சுது, போங்கடா வேலையப் பாத்துக்கிட்டு" என்றார். கரையோரத்து இலவ மரத்தைக் காட்டி, "அந்த மரம் நிக்கிற வரைக்கும் கரை நிக்கும். எங்கப்பன் காலத்துல இருந்து பாக்குறேன். நேத்துப் பொறந்த பய எனக்கு ஆத்தப் பத்திச் சொல்றான்" என்று கத்தினார். ஜோனியலும் விடவில்லை, "மரம் உனக்கு எழுதிக் குடுத்திருக்காப்பா? உன் வீம்புக்கு எங்க எல்லாரையும் ஆத்துல தள்ளப் போறியா?" என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பாத்திரத்து மீனை எடுத்துக்கொண்டு ஒருவர் வாசலிலும் ஒருவர் அடுப்படியிலும் சாப்பிட்டார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டினேன், பலனில்லை. ராத்திரியெல்லாம் கரையோரம் பொத்துப் பொத்தென்று மண் விழும் சத்தம், எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இப்படி இருக்கும்போது தேர்தல் ஞாயிறு வந்தது. ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பது ஒருபக்கம், மார்லிக்குப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை வருவதுபோல் இருக்கிறது, ஓட்டுப் போட்ட சீட்டு இல்லாமல் அந்த வேலைக்கு மனுக்கூடப் போட முடியாது. அதனால் எங்கள் கரையே கிளம்பியது. படகுக்காரன் அமாதேவு காலையிலேயே வந்துவிட்டான், படகில் நிற்க இடமில்லை. உன் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டதால் போகவேண்டிய கட்டாயமில்லை, வரமாட்டேன் என்றார். முதல் நாள் போட்ட தடுப்பூசியில் இயாராவுக்கு உடம்பு சுட்டது, அந்த வெயிலில் அந்தக் கூட்டத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று மார்லி தயங்கினாள். உடனே அவர், "குடு இங்க. என் பேத்திய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்று வாங்கிக்கொண்டார். நான் வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னேன். அவர் முகம் அப்படிச் சுருங்கியது. "என் வீட்டுல என் பேத்தி இருக்கக் கூடாதுன்னா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். ஜோனியல் படகில் போய் உட்கார்ந்தான். அமாதேவு சங்கை ஊதிக்கொண்டே இருந்தான். மார்லி குழந்தையை ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடி வந்து ஏறினாள்.

ஓட்டுப் போடும் இடம் ஆற்றோட்டத்தில் கீழே, பள்ளிக்கூடத்தில். மின்சாரம் இல்லாத ஊருக்கும் பாட்டரியோடு அந்த மிஷினைத் தோணியில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள், வேட்பாளரின் எண்ணை அமுக்கினால் ஆளின் படம் தெரியும். எனக்கு முன்னால் நின்ற எர்மீனியா அக்கா, "படத்துல எப்படிச் சிரிக்கிறான் பாரு, நேர்ல வந்தப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான்" என்று சொல்ல வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. வானத்தில் மேகத்தின் துணுக்குக்கூட இல்லை, ஆனால் இடி. ஒரு இடி இல்லை மகளே, உருண்டு உருண்டு வந்துகொண்டே இருந்தது. ஆற்றுக்காரர் எல்லாருக்கும் அது என்ன என்று தெரியும், எங்கே என்பதுதான் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அலை வந்தது, கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின. அப்போது எங்கே என்றும் தெரிந்துவிட்டது.

மார்லி மறைப்புக்குள் எண்ணை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஜோனியல் உள்ளே பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "ஏய், ஓட்டு பாதியில நிக்குதும்மா!" என்று அதிகாரி கத்துகிறார், யார் கேட்டது. அமாதேவு கேலிக்காரன் என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு "ஏறுங்க" என்று மட்டும் சொல்லி எஞ்சினை முறுக்கினான். எதிரோட்டம். கரையைப் பார்த்தால் படகு நகர்கிறதா என்றே தெரியவில்லை. தண்ணீர் குழைந்த மண்ணாக வந்தது, வேரோடு மரங்கள் வந்தன. ஜோனியல் முன்னால் நின்று கழியால் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்து ஆரம்பித்து நடுவில் மறந்தேன். அப்போது ஒரு ஜன்னல் கதவு மிதந்து வந்தது. நீலம். நான் என் கையால் அடித்த நீலம். மார்லி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நம்மளோடதா அத்த?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

வளைவு திரும்பியதும் எனக்கு ஊர் தெரியவில்லை. இலவ மரம் இல்லை. மாதா கோயில் படி இல்லை. நான்கு வீடு நின்ற இடத்தில் சிவப்பாக வெட்டி எடுத்ததுபோல ஒரு சுவர் நின்றது, அதுவும் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஓட்டுக்குப் போயிருந்ததால் மற்ற வீடுகளில் ஆள் இல்லை. நம் வீட்டில் மட்டும்தான் இருந்தார்கள். அங்கே ஒதுங்க முடியாமல் கீழே தள்ளி இறங்கி, கொக்கோ தோப்பு வழியாக ஓடினோம். மார்லி செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, முள்ளில் ஓடினாள், குழந்தை பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாளாம், பிறகு சொன்னாள்.

மரவள்ளித் தோட்டத்தின் கடைக்கோடியில், மாவு வறுக்கும் கொட்டகைக்கு அந்தப் பக்கம், அழுகைச் சத்தம் கேட்டது. இரண்டு முந்திரி மரத்துக்கு நடுவில் தூளி கட்டி, குழந்தை இறங்கிவிடாதபடி துணியால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அழுது அழுது முகம் சிவந்து கிடந்தாள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. மார்லி அப்படியே தூளியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் நான் சுற்றிலும் பார்த்தேன். என் தையல் மிஷின் இருந்தது. மாதா சொரூபம் துணியில் சுற்றி இருந்தது. மாவு மூட்டை, பானைகள், கால் கட்டிய கோழிகள். அதற்கப்பால் சுவர்ப் பலகைகள், ஆணி பிடுங்கி, நீளம் பார்த்து ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. நாங்கள் படகேறிய நிமிஷத்திலிருந்து அந்த மனுஷன் ஒற்றை ஆளாக வீட்டைப் பிரித்திருக்கிறார். வெடிப்பை அவரும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், மகன் கண்ணெதிரில் செய்ய மனம் வரவில்லை. ஜோனியல் அந்தப் பலகைகளைப் பார்த்தான். "அம்மா, அப்பா பிரிக்க ஆரம்பிச்சிட்டாரும்மா" என்றான். ஒரு பலகைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இன்னொரு நடை எடுத்துவர அவர் திரும்பிப் போனபோதுதான் கரை போயிருக்கிறது.

"எந்திரிடா, அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு" என்று அவனை நான்தான் கிளப்பினேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. இருந்த தோணியெல்லாம் இறங்கின. ஆற்றில் மிதப்பது மரமா, கூரையா, ஆளா என்று ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தார்கள். நான் கரையில் நின்றேன். வெயில் சாய ஆரம்பித்தபோது, நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு மிதக்கும் புல்திட்டுமேல் நாரைகள் உட்காராமல் சுற்றுவதை அமாதேவு பார்த்திருக்கிறான். உன் அப்பா அந்தப் புல்லுக்குள் இரண்டு கையையும் விட்டுக் கோத்துக்கொண்டு கிடந்தார். இடது கால்மேல் உத்தரம் விழுந்து நசுங்கியிருந்தது. ஜோனியல் தண்ணீரில் குதித்துப் போய்ப் பிடித்தான். அவர் கண்ணைத் திறந்து, "பாப்பா?" என்றார். "மார்லிகிட்ட இருக்காப்பா. நல்லா இருக்கா" என்றான் இவன். "மேற்குச் செவுத்த இன்னும் கழட்டலடா" என்று சொல்லிவிட்டு மயங்கிப்போனார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இதுதான்.

டெஃபே வரும்வரை படகில் அவர் தலை என் மடியில் இருந்தது. டாக்டர் காலைக் காப்பாற்றப் பார்த்தார், காய்ச்சல் இறங்கவே இல்லை, கால் கறுத்துக்கொண்டே வந்தது. நேற்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எழுதிவிட்டேன். இதை உனக்கு வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று காலையில் காய்ச்சல் இல்லை. வாழைப்பழக் கஞ்சி குடித்தார், இனிப்பில்லை என்று நர்ஸைத் திட்டினார், அதனால் பிழைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் ஜோனியல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவர், "வீட்ட எங்க வைக்கலாம்? நீ சொல்லு" என்றார். உன் அப்பா யாரையாவது அப்படிக் கேட்டு நீ பார்த்திருக்கிறாயா? "கரையில வேணாம்ப்பா. கட்டைய மிதக்கவிட்டு அதுமேல வைப்போம். ஆறு ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும். நீ படி ஏறி எறங்கவும் வேண்டாம்" என்றான் ஜோனியல். மிதக்கும் வீட்டில் வாத்துதான் குடியிருக்கும் என்று வாழ்நாள் பூராவும் சொன்ன மனுஷன் அவர். போர்வைக்குக் கீழே கால் முடிகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ கோழிங்கள எங்கடா விடுறது?" என்று கேட்டார். நான் வெளியே வந்து, இந்த வராந்தாவில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு, பிறகு இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இதைப் படித்ததும் பெட்டியைக் கட்டாதே. பஸ்ஸும் படகுமாக நீ வந்து சேர்வதற்குள் உன் வேலை போய்விடும், அப்பாவும் தன்னைப் பார்க்க அழுதுகொண்டு யாரும் வரக்கூடாது என்கிறார். வெள்ளக் காலத்தில் வா, ஆர்லிந்தோவையும் கூட்டிக்கொண்டு வா, படகிலிருந்து நேரே வீட்டுக்குள் கால் வைக்கலாம். ஒன்றை மறந்துவிடாதே, உன் ஓட்டு இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது, வராததற்குக் காரணம் எழுதித் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்துவிடு. நானும் எழுதிக் கொடுக்கப் போகிறேன், என் காரணத்தை அவர்கள் நம்பினால் சரி. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. பதில் எழுதும்போது ஊர்ப் பெயர் போட்டு அனுப்பாதே, அமாதேவுவின் படகு பெயருக்கு அனுப்பு, நாங்கள் எங்கே மிதக்கிறோம் என்று அவன் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவான்.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் மகளே. அப்பா தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார், சத்தமாக, வராந்தா வரை கேட்கும்படி.

உன் அம்மா,
ஜாசிரா