நிற்க முடியாத நீளம்

ரெய்னர்ஸ் லேன்
நவம்பர் 4, செவ்வாய்

அன்புள்ள பேரன் சுஜீத்துக்கு, மாடிப்படி ஏறி வந்து அம்மம்மா எழுதுவது.

போனையும் எடுக்கிறாய் இல்லை, கதவையும் திறக்கிறாய் இல்லை. அதனால்தான் இந்தக் காகிதத் துண்டைக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன். உன் அம்மா அழுதுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். வாசலில் இடியப்பமும் சொதியும் இருக்கிறது. நேற்று வைத்ததையும் நீ தொடவில்லை.

உன் ரயில் வண்டிக்கு முன்னால் அந்த மனிசன் தானாகத்தான் வந்து நின்றது என்று பொலிசே சொல்லிவிட்டது. பிறகு ஏன் ராசா உன்னைப் பூட்டி வைத்திருக்கிறாய்?

போன மாதம் கோயிலில் மங்கை, "பேரன் சாமான் கோச்சிதானே ஓட்டுறான், ஆக்கள் போற ரயில் இல்லையே" என்று இளக்காரமாகக் கேட்டாள். விடுவேனா? "இந்த வெள்ளைக்காரற்றை நாடும் ஒரு தீவுதான். நீ தின்னுற அரிசி கப்பலிலை வருது. துறைமுகத்திலையிருந்து இழுத்து வாறது என்ரை பேரன். அவன்ரை வண்டி ஒரு தெரு நீளம். எத்தினை லொறிக்குச் சமன் தெரியுமோ?" என்றேன். வாயை மூடிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இது விளங்குகிறது, அவளுக்கு விளங்கவில்லை.

சாப்பிடு அப்பன்.

உன் அம்மம்மா
கமலாம்பிகை


நவம்பர் 5

அம்மம்மா,

இனி ஆரிட்டையும் அந்த நீளத்தைச் சொல்லாதேங்கோ. ஆளைக் கண்டவுடனை பிரேக் பிடிச்சன். அவ்வளவு பாரம் நிக்க ஒரு மைல் வேணும். ஹோர்ன் அடிச்சுக்கொண்டே போனன். தமிழிலை கத்தியிருக்கிறன். அந்தாளுக்கு விளங்கியிருக்காது. என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது.

எனக்கு இனி ஏலாது.

சுஜீத்


நவம்பர் 5, பின்னேரம்

என் ராசாவுக்கு,

மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். வேலைக்கு ஏலாது என்கிறாயா, இருக்கவே ஏலாது என்கிறாயா? அதை மட்டும் எழுது.

வேலையென்றால் விட்டுவிடு. இந்தத் தீவுக்கு அரிசியை வேறு யாராவது இழுத்து வரட்டும். என் பேரன் வீட்டில் சும்மா இருக்கிறான் என்று மங்கையிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

மற்றதென்றால், இதோ கதவில் முதுகை வைத்து நிலத்தில் இருக்கிறேன். நீ பதில் தரும்வரை எழும்ப மாட்டேன்.

அம்மம்மா


அம்மம்மா,

வேலைதான் எண்டு நினைக்கிறன். சிலவேளை மற்றதும்.

கதவு உள்ளுக்குத்தான் திறக்கும். சாய்ஞ்சு இருந்தால் விழுந்திடுவியள். கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அரக்கி இருங்கோ. அரக்கினாப் பிறகு ஒருக்கால் தட்டுங்கோ. தட்டினால்தான் திறப்பன்.

சுஜீத்