ஜிப் வரியை நீக்கக் கேட்ட என் மனுவைத் திருத்தித் தர வேண்டுதல்

அனுப்புநர்:
பை தைக்கும் கூடத்தின் பொறுப்பாளர்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
இறக்குமதி வரிப் பிரிவு,
வர்த்தக அமைச்சகம்.

பொருள்: புதிய வர்த்தக ஒப்பந்த வரைவில் எல்லா வகை ஜிப்புகளுக்கும் இறக்குமதி வரி நீக்கப்பட்டதை மாற்றக் கோருதல்.

பார்வை: இதே விஷயமாகச் சென்ற ஆண்டு நான் அனுப்பிய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெளிநாட்டு ஜிப்புகள் மீதான வரியை நீக்கும்படி சென்ற ஆண்டு பதினான்கு பேர் மனு அனுப்பினோம். முதல் கையெழுத்து என்னுடையது. பயணப் பைக்கு ஒன்றரை மீட்டர் ஜிப் வேண்டும். அதை உள்நாட்டில் யாரும் செய்வதில்லை. வரி கட்டி வாங்கினால் பை விலைபோகாது. எங்கள் கூடத்தில் மூன்று மெஷின்கள் துணி போர்த்தி நின்றன. அந்தக் குறை இன்றும் உண்மை.

2. ஆனால் "நீள ஜிப்" என்று கேட்க வேண்டிய இடத்தில் "எல்லா வகை ஜிப்புகளும்" என்று கேட்டுவிட்டேன். காய்கறி வாங்குகிற புத்தி ஐயா. கூடக் கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அரசாங்கம் கேட்டதை அப்படியே கொடுக்கும் என்று யார் கண்டார்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மனு போட்டுக் கெட்டேன்.

3. அந்த மனுவின் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகத் தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அது என் கணவர் எழுதியது. அவர் ஜிப் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதகர். நாள் முழுக்க ஜிப்பை இழுத்து மூடிப் பார்ப்பதுதான் வேலை. பேருந்தில் யார் பை திறந்திருந்தாலும் கை தானாகப் போய் மூடிவிடும். ஒருமுறை திருடன் என்று அடி வாங்கப் பார்த்தார்.

4. மனு எழுதும்போது ஒரே ஒரு முறை பேனாவை நிறுத்தி, "எல்லா ஜிப்புமா?" என்று கேட்டார். "எழுதுங்க, எப்படியும் பாதிதான் குடுப்பாங்க" என்றேன். எழுதினார். அவர் தொழிற்சாலையில் செய்கிற சின்ன ஜிப்பும் அதில் சேர்த்தி என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

5. வரைவைப் பார்த்ததும் பெரிய கம்பெனிகள் அந்தத் தொழிற்சாலைக்குத் தரும் ஆர்டரை நிறுத்திவிட்டன. ஒரு நாள் மதியமே அவர் என் கூடத்துக்கு வந்தார். "வேலை கம்மி" என்று சொல்லிவிட்டு, தைத்து வைத்த பைகளின் ஜிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பேரை நிறுத்தப்போகிறார்கள் என்பதை அவருடைய கூட்டாளியின் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். மனு எழுதிய அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். "மெஷின் சும்மா நிக்குதேன்னு நீ சரியா சாப்பிடக்கூட இல்ல. அப்போ போய் நான் எதைச் சொல்றது?" என்றார். அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை.

6. ஆகவே, ~~ஒரு மீட்டருக்கு~~ எழுபது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஜிப்புகளுக்கு மட்டும் வரியை நீக்கி, சின்ன ஜிப்புகளுக்கு இப்போதுள்ள வரியை வைத்திருக்க வேண்டுகிறேன். இந்த முறை பேரம் இல்லை. தயவுசெய்து பாதியாகக் குறைத்துவிட வேண்டாம்.

7. என் எழுத்து கோணல், பொறுத்துக்கொள்ளவும். இந்த முறை அவரிடம் எழுதித் தரக் கேட்க மனம் வரவில்லை. ஏழு வருடமாக நான் சாப்பாடு கொண்டுபோன பையில் வைத்து இதை அனுப்புகிறேன். அதன் ஜிப் அவர் தொழிற்சாலையில் செய்தது. திறந்து மூடிப் பாருங்கள்.

இடம்: தையற்கூடம்
நாள்: வரைவு பற்றிக் கருத்துச் சொல்லக் கடைசி நாளுக்கு முந்தைய நாள்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பை தைப்பவர்

பின்குறிப்பு: இந்த மனுவை உள்ளே வைத்து, பையைப் பாதி திறந்தபடி மேசையில் விட்டுக் கை கழுவப் போனேன். வந்தபோது ஜிப் மூடியிருந்தது. ஆறாவது பத்தியில் நான் எழுதிய "ஒரு மீட்டர்" அடிக்கப்பட்டு, முத்து முத்தாக "எழுபது சென்டிமீட்டர்" என்று இருந்தது. எங்கள் நடுத்தரப் பைகளுக்கு எண்பது சென்டிமீட்டர் ஜிப் வேண்டும். அந்த அளவை அவர் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். அவருக்காக நான் அதைக் கேட்காமல் விட்டிருந்தேன். அவர் விடவில்லை. திருத்தத்தையும் சேர்த்தே ஏற்கவும்.