இரண்டு லாரிகள் போதும்

நிலவு, ஆய்வுக்கூடம். நாள் 61, காலை 8:00

மூன்று என்பது தப்பில்லை. எல்லோருக்கும் முதலில் மூன்றுதான் வரும்.

ஜெரால்டின் இந்த வாரப் புதிர்: முழுத் தொட்டி டீசலில் ஒரு லாரி 400 கி.மீ. ஓடும். சரக்கு 600 கி.மீ. போக வேண்டும். வழியில் பங்க் கிடையாது. லாரிக்கு லாரி டீசல் ஊற்றிக்கொள்ளலாம். குறைந்தது எத்தனை லாரி?

துணைக்கு இரண்டு. ஒன்று 100ஆவது கி.மீ.யில் ஊற்றிவிட்டுத் திரும்பும், இன்னொன்று 200இல். அங்கிருந்து சரக்கு லாரி முழுத் தொட்டியோடு போகும். ஆக மூன்று.

ஏதோ உறுத்தியது. ரேடியோவில் கேட்டேன்.

"ஏல, தொணைக்குப் போற லாரி திரும்பி வரணுமா?"

ஜெரால்டு இறங்குதளத்தில் ஊர்திகளுக்குப் பொறுப்பாளன். தூத்துக்குடிக்காரன். கல்லூரியிலிருந்தே எங்களுக்குள் புதிர்தான் பேச்சு. எதற்கும் சட்டென்று பதில் சொல்வான். இன்று தாமதித்தான்.

"கணக்குல சொல்லிருக்கா? சொல்லலைல்லா. பொறவென்னட்டி?"

"அப்போ ரெண்டு போதும்ல. எரநூறுல நின்னு மிச்சத்தப் பூரா ஊத்திர வேண்டியதுதான்."

"டிரைவரு?"

"சாயாக் கடை பாத்து உக்காரட்டும். அது வேற கணக்கு."

அவன் சிரிக்கவில்லை. எனக்கு அன்று முழுக்க மகிழ்ச்சி. அழகான விடை.

நாள் 63, காலை 7:30

தொலைமுனை நிலையத்தில் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிட்டது. ஏழு பேர். மாற்று இயந்திரமும் காற்றுக் குடுவைகளும் ஜமீல் ஓட்டும் ஊர்தி எண் ஒன்றில். தூரம் 900. தொட்டி தாங்குவது 600.

சர்வீஸ் முடிந்து வந்த ஊர்தி எண் இரண்டில் நான் துணை. 300ஆவது கி.மீ.யில் எரிபொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் எண் ஊர்தி அரை நாள் பின்னால் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். ஜெரால்டு இதை இரண்டு முறை சொன்னான். செண்பகவல்லி என்று முழுப்பெயரில் அழைத்தான்.

கி.மீ. 300. நாள் 64, காலை 6:10

எரிபொருள் மாற்றியாயிற்று. என் தொட்டியில் முள் அடியில். ஜமீல் கிளம்பினான். போகும்போது:

"அக்கா, தனியா உக்காந்து நிலாவப் பாத்துட்டு இருக்காதீங்க. நீங்க அதுமேலதான் இருக்கீங்க."

வெகுநேரம் சிரித்தேன்.

காற்று இரண்டு நாளுக்கு.

கி.மீ. 300. பகல் 12:40

ஊர்தி மூன்று எங்கே என்று ஜெரால்டிடம் கேட்டேன். "வருதுட்டி" என்றான். எந்த இடத்தில் என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றான். சிக்னல் நன்றாகவே இருக்கிறது.

400க்கு 600.

600க்கு 900.

ஒரே விகிதம். லாரி என்று சொன்னதால் எனக்குத் தெரியவில்லை.

பகல் 1:05

"மூணு ஓடுதால?"



"மோட்டார் இல்லட்டி. ஒன் வண்டி மோட்டார் எரிஞ்சி போச்சி. போன வாரமே மூணுலருந்து கழத்தி ஒனக்கு மாட்டியாச்சி."

"பொறவு எதுக்குல வருதுன்ன?"

"சொன்னா போயிருப்பியா?"

"கேட்டியா நீ?"

"ஏழு பேருட்டி. அந்த மெசினு நாலு நாளாவே நிக்கப் போற மாரிதான் இருந்துச்சி. எல்லாவனும் மூணு வண்டி வேணும், முடியாதுன்னு கைய விரிச்சிட்டானுவ. நீதான் ரெண்டு போதும்ன."

கேட்டிருந்தால் போயிருப்பேனா? தெரியாது. அந்தத் தெரியாமை என்னுடையது. அதையும் எடுத்துக்கொண்டான்.

பதினொரு வருடம். என் மூளை எப்படி ஓடும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டான். அதனால்தான் லாரி என்றான்.

பகல் 2:30

இதைக் கண்டெடுப்பவருக்கு. இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஜமீல் என்னைத் தாண்டி 150 கி.மீ. போகும்வரை அவனால் திரும்ப முடியும். வந்து என்னை ஏற்றிக்கொண்டு இறங்குதளம் போய்ச் சேர எரிபொருள் சரியாக இருக்கும். அப்படித் திரும்பினால் அந்த ஏழு பேருக்கு நேரமில்லை. அவன் தொலைமுனை போய், அங்கே நிரப்பிக்கொண்டு வந்தால் எனக்கு நேரமில்லை.

இப்போது அவன் 125இல்.

என் கை ரேடியோ மேல் இருக்கிறது. எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்

பகல் 3:50

அவனே கூப்பிட்டான். 145.

"அக்கா, மூணாவது வண்டி வந்துடுச்சா? இல்லன்னா சொல்லுங்க, திருப்பிடறேன். ஜெரால்டண்ணன் ரேடியோல பதிலே சொல்ல மாட்றாரு."

"தூரத்துல வெளக்கு தெரியுதுப்பா."

"நெசமா?"

"நெசமா. நீ நிக்காம போ."

எனக்கும் இப்படிச் சொல்ல வருகிறது. எவ்வளவு எளிது.

பகல் 4:20

ஜமீல் 152.

ஜெரால்டு அழுகிறான். "ஏட்டி, தனியா இருக்காத. புதுசா ஒண்ணு வச்சிருக்கேன், தொப்பிக் கணக்கு. அனுப்பட்டா? நேரம் போவும்."

அனுப்பிவிட்டான். திரையில் வந்து நிற்கிறது.

படிக்காமல் அழித்தேன். அவன் அலைவரிசையை மூடினேன். ஜமீலுடையதைத் திறந்து வைத்தேன். உள்விளக்குகளை அணைத்துவிட்டு இருக்கையைச் சாய்த்துக்கொண்டேன்.