யார் மாற்றிய பக்கம்

பாம்பன்,
10.9.2008

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மனைவி முருகேஸ்வரி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரில் இன்னும் மழை இல்லையாம். மிளகாய் விதைக்க அய்யா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால், மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். இதற்கு நீங்கள் எழுதித்தான் பதில் சொல்லவேண்டும்.

சீனி முகம்மது இறந்துவிட்டார். நோன்பு வைத்துக்கொண்டே போன சனிக்கிழமை கடலுக்குப் போன மனிதர். எங்கள் மீனவர் சங்கத்துப் படகுதான், கடலுக்குப் போக டோக்கன் போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஞாயிறு காலை திரும்பவேண்டிய படகு மதியமாகியும் வரவில்லை. எஞ்சின் நின்று, நாலு பேரும் காற்றுப் போன பக்கம் போயிருக்கிறார்கள். திங்கள் சாயங்காலம் கண்டுபிடித்தபோது மூன்று பேருக்கு உயிர் இருந்தது.

படகு வராவிட்டால் என்ன செய்வது என்று, உங்கள் கம்பெனி எங்கள் கம்ப்யூட்டரில் போட்டுத்தந்த கையேட்டில் ஒரு பக்கம் உண்டு. மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குள் வராத படகை உடனே "காணவில்லை" என்று பதியவேண்டும் என்றிருந்தது; பதிந்தால்தான் தேடப் போவார்கள். ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பக்கம் மாறியிருந்தது. இன்னும் ஒரு முழு நாள் பொறுத்து, செயலாளரைக் கேட்டுத்தான் பதியவேண்டுமாம். நான் செயலாளர் உக்கிரபாண்டியிடம் கேட்டேன். "சென்னையிலயிருந்தே அப்பிடித்தேன் மாத்தி வந்திருக்கு. அதும்படி செய்யி" என்றார். சென்னை என்றால் நீங்கள்தானே. உங்கள் எழுத்தை நம்பி, அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். ஞாயிறு முழுக்கப் பொறுத்தேன். திங்கள் மதியம் பதிந்தேன். பதிந்த நாலாவது மணி நேரத்தில் படகு கிடைத்துவிட்டது.

நேற்றுக் காலை சங்கத்துக்குப் போனால் சுவரில் அந்தத் தாள் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் பழைய பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஒரு எழுத்து மாறாமல். "எப்பவுமே இப்பிடித்தானம்மா இருந்துச்சு, நீ சரியா வாசிக்கல" என்கிறார் செயலாளர். பக்கத்தில் இருப்பவர்களும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கையேட்டின் அமைப்பையே மாற்றியது நீங்கள். முன்பு ஒரு வரியைத் திருத்தப் புதுப் புத்தகம் வரவேண்டும். இப்போது அந்தந்தச் சங்கமே தன் ஊருக்கு ஏற்றபடி பக்கத்தைத் திருத்தி, ஒரு பொத்தானை அமுக்கி வெளியிட்டுக்கொள்ளலாம். பொங்கலுக்கு வந்தபோது செயலாளர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அன்றைக்கு என்னிடம் பெருமையாக ஒன்று சொன்னீர்கள்: வெளியிட்ட பிறகு பழைய பக்கத்தை மீட்பது சங்கத்தால் ஆகாது, உங்கள் மேசையிலிருந்துதான் ஆகும் என்று. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை அதை மீட்டது யார்?

படகு ஒன்றைக் காணவில்லை என்று பதிந்தால், தேடி முடியும்வரை மற்றப் படகுகளுக்கு டோக்கன் நின்றுவிடும். அது படகுக்காரர்களுக்குப் பிடிக்காது. செயலாளருக்கும் பிடிக்காது. உங்களுக்கு இதில் என்ன என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சீனி முகம்மதுவின் மனைவி நூர் நிஷா அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எத்தன மணிக்குப் பதிஞ்சிய தங்கச்சி?" என்றார். நான் சொன்னேன்.

பதினாறாம் தேதி விசாரணை. மீன்துறை அதிகாரி இராமநாதபுரத்திலிருந்து வருகிறார். உங்கள் பெயரை நான் அங்கே சொல்வதற்கு முன்னால் உண்மையை எனக்கு எழுதிவிடுங்கள்.

உங்கள்
முருகேஸ்வரி


பாம்பன்,
19.9.2008

மச்சானுக்கு,

உங்கள் கடிதமும் கூட வைத்த தாளும் விசாரணைக்கு முந்தின நாள் கிடைத்தன.

பழைய பக்கத்தை மீட்டது நீங்கள்தான் என்று ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். "ஒங்க வீட்டுக்காரம்மாதான் பக்கத்த மாத்திருச்சு, வெளிய தெரிஞ்சா வேல போயிரும்" என்று உக்கிரபாண்டி போன் செய்தாராம். பதிவேட்டைத் திறந்து பார்த்தீர்களாம், மாற்றியவர் இடத்தில் என் பெயர் இருந்ததாம். என்னைக் காப்பாற்றத்தான் சத்தமில்லாமல் பழையதை வைத்தீர்களாம்.

நீங்கள் அச்செடுத்து வைத்த அந்தப் பதிவேட்டுத் தாளில் மாற்றிய நாளும் நேரமும் இருக்கின்றன. ஆகஸ்ட் இருபத்தேழு, புதன், காலை பதினொன்று. அன்று அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் இராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அங்கிருந்து உங்களுக்குப் போன் பண்ணினேன். சரி சரி என்றீர்கள்.

விசாரணையில் அந்தத் தாளையும் என் லீவுப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதிகாரி இரண்டையும் வெகு நேரம் பார்த்தார். பிறகு உக்கிரபாண்டியைப் பார்த்து, "இந்தம்மா பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எனக்கும் அவருக்கும்தான் தெரியும் என்று நான் சொன்னேன். லீவு போடும்போதெல்லாம் அதை அவரிடம் சொல்லிவிட்டுப் போவது என் வழக்கம், அது என் தப்பு, அதையும் சொன்னேன். படகுக்காரர்கள் நெருக்கியதால் செய்துவிட்டேன் என்று கடைசியில் உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது. உங்கள் கம்பெனிக்கும் எழுதுவார்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன என்று கடலோரக் காவலுக்கு நானே போன் பண்ணியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று புரிகிறது. ஒன்றுதான் கேட்கிறேன். ஒரு மனிதர் சாகக் காரணமான பக்கத்தை உங்கள் பெண்டாட்டிதான் எழுதினாள் என்று ஒருவன் சொல்கிறான். நீங்கள் பதிவேட்டைப் பார்க்கிறீர்கள், நம்பிவிடுகிறீர்கள். என்னிடம் கேட்கவில்லை. நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். ஆனால் கேட்டேன்.

தீபாவளிக்கு லீவு கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் நூர் நிஷா அக்கா வீட்டுக்குப் போங்கள். அவர் இத்தா இருக்கிறார், புருஷன் போன நாலு மாதம் பத்து நாளுக்கு வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். அவர் தம்பியிடம் நடந்ததைச் சொல்லுங்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வாருங்கள்.

வந்ததும் என்னிடம் எதையாவது கேளுங்கள், மச்சான். எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

முருகேஸ்வரி